தம்ளரில் உடைத்த முட்டை

ஜூன் 11

என் வாலுக்கு,

இங்கே நான், உன் அத்தான், பாப்பா மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் ஒருவழியாக விட்டது. படுக்கையிலிருந்து எழுந்து அடுக்களைக்குள் போனால், அது என் அடுக்களை மாதிரியே இல்லை. உன் அத்தான் சமைத்துக் கிழித்த லட்சணத்தில் ஒரு வாணலிக்கு அடியே போய்விட்டது.

பெரிய செய்தி என்னவென்றால், நம் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டேன். திருகினால் எரிகிறது, திருகினால் அணைகிறது. மாட்டிவிட்டுப் போனவன், "வாசனை வந்தா மட்டும் உடனே சிலிண்டரை மூடிருங்கம்மா" என்றான். உன் அத்தான் சிரித்தார். "இவ மூக்கு இருக்கும்போது நமக்கென்ன பயம்? பக்கத்துத் தெருவுல முட்டை அழுகினா இவளுக்கு இங்க தெரியும்" என்றார். அவர் மூக்கு வெல்டிங் புகையில் எப்போதோ செத்துப்போனது. அதனால் வீட்டில் என் ஒருத்தி மூக்குதான் மூவருக்கும்.

சித்தி ஏன் உன்னை மூக்கி என்று கூப்பிடுகிறாள் எனப் பாப்பா அன்றைக்குக் கேட்டாள். அப்பாவின் முட்டைக் கடைக் கதையைச் சொன்னேன். விற்க முடியாத விரிசல் முட்டைகள்தான் நமக்குச் சாப்பாடு என்பதையும், அப்பா ஒவ்வொன்றாகத் தம்ளரில் உடைத்து என் மூக்கடியில் நீட்டுவதையும், நான் "போ" என்றால் அது சட்டிக்குப் போகும், பேசாமல் இருந்தால் சாக்கடைக்குப் போகும் என்பதையும் சொன்னேன். அந்த உத்தியோகம் உனக்குக் கிடைக்கவில்லை என்று நீ தரையில் புரண்டு அழுததையும் விடவில்லை. இப்போது தம்ளர் பிடிக்கும் வேலையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். நான் "போ" சொல்லும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுக்களை ஜன்னல் வழியாக ஒரு பூனை வந்து முட்டைகளை உருட்டுகிறது. உன் அத்தான் ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்துவிட்டார். காபித்தூள் கடைக்காரன் மரத்தூள் கலக்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்கிறேன். வாசனையே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை.

உன்
மூக்கி


ஜூன் 27

என் பிரிய மூக்கிக்கு,

உன் கடிதம் ரேஷன் வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு வந்தது. இந்த மலைக்கு எல்லாம் அந்த வண்டியில்தான் வர வேண்டும். நீ எழுந்து நடமாடுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அத்தானுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

இறங்கிய சோற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குவாரி அலுவலகத்தில் பகல் முழுவதும் டைப் அடித்துவிட்டு வந்தால், விடுதியில் ஒரு அவித்த முட்டை வைக்கிறார்கள். காலையில் அவித்து இரவு வரை தண்ணீரில் கிடப்பது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம். கடித்தால் சுண்ணாம்புக் கட்டி. அதைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதாரம்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்கிறேன். வார்டனுக்குத் தெரியாமல் தண்ணீர் சுட வைக்கும் கரண்டு காயில் ஒன்று வாங்கிவிட்டேன். குவளையில் தண்ணீரை ஊற்றி, முட்டையைப் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன். ஆனால் ஒருநாள் கல்லாகிறது, ஒருநாள் ஓடு உடைத்தால் கையோடு வழிகிறது. வெள்ளைக் கரு இறுகி, மஞ்சள் கரு மட்டும் தேன் பதத்தில் நிற்குமே, அதை எப்படிச் செய்வாய்?

உன்
வாலு


ஜூலை 20

என் வாலுக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியம் அந்தக் குவளையில் தொங்குகிறது என்று தெரிகிறது. முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றாதே. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கரண்டியில் மெதுவாக இறக்கு. உனக்குத் தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றை இரண்டு சரணமும் விடாமல் பாடி முடி. முடிந்ததும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடு. நீ பாடுவதைக் கேட்டு வார்டன் வந்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

கேஸ் அடுப்போடு எனக்குத் தினமும் சண்டை. தீ வேகம் அதிகம். போன வாரம் ஆம்லெட்டை ஊற்றிவிட்டு, முதுகைத் திருப்பி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தையல் அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னம்மா, ஏதோ தீயுதே! பாக்கலயா?" என்று கத்தினாள். திரும்பினால் ஆம்லெட் கரிக்கட்டை. கூரை வரை புகை. அவளுக்கு மிஷினை ஓட்டிக்கொண்டே ஊர்க்காரியம் எல்லாம் தெரிய வேண்டும். கைம்பெண், பிள்ளையில்லை, பொழுது போக வேண்டாமா?

புது சோப்பு ஒன்று வாங்கினேன், படம்தான் ரோஜா. மோந்தால் மெழுகு மாதிரி இருக்கிறது. எல்லாவற்றிலும் கலப்படம் வந்துவிட்டது.

பாப்பா சாப்பிட உட்கார்ந்தால் தினம் ஒரு சாக்கு. நேற்று வயிற்றுவலி, இன்றைக்குப் பல்வலி. முதுகில் ஒன்று வைத்தால் எல்லா வலியும் பறந்துவிடுகிறது. உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

மூக்கி


ஆகஸ்ட் 8

என் பிரிய மூக்கிக்கு,

நலம்தான். பாட்டு பாடி அவித்தேன். மஞ்சள் கரு தேன் மாதிரி வந்தது! பக்கத்து அறைக்காரி வாசனை பிடித்து வந்து பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

இப்போது ஒரு கேள்வி. ஆம்லெட் கருகியது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரிந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற உனக்குத் தெரியவில்லையா? அப்பா கடையில் கூடைக்கு அடியில் கிடந்த ஒற்றை அழுகல் முட்டையை வாசலில் நின்றே கண்டுபிடித்தவள் நீ. மூக்கிக்கு வயதாகிவிட்டதா, இல்லை காய்ச்சல் மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டதா? விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன். ஆனால் பதில் எழுது.

பாப்பாவை அடிக்காதே. என்னை உரித்து வைத்திருந்தால் அடித்தும் பயனில்லை.

வாலு


செப்டம்பர் 23

அன்புத் தங்கைக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போதுதான் அழைத்து வந்தோம். பயப்படாதே, கஞ்சி குடிக்கிறாள். கண்கள்தான் உள்ளே போய்விட்டன. கடைக்காரன் கெட்ட முட்டையைத் தலையில் கட்டிவிட்டான். இனி அந்தக் கடைப் பக்கமே போவதில்லை.

நாத்தனார் வந்திருக்கிறாள். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இறக்குவதில்லை. இவரிடம், "முட்டைக் கடைக்காரன் பொண்ணு வீட்லயே பிள்ளைக்கு முட்டை விஷமாகுதுன்னா என்னத்தடா சொல்றது? இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா பிள்ளையை நான் கூட்டிட்டுப் போயிருவேன். எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வேலை கிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


அக்டோபர் 5

என் பிரிய மூக்கிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் டைப் அடிக்கக் கை ஓடவில்லை. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்? ஓடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா? லீவு கேட்டேன். மழையில் மலைப்பாதை அறுந்துவிட்டதால் வருஷம் திரும்பிய பிறகுதான் யாரும் இறங்க முடியும் என்கிறார்கள். ரேஷனையும் தபாலையும் ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

நாத்தனார் பேச்சை மனதில் வைக்காதே. நீ பெற்ற பிள்ளையை யாரும் அப்படியெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய். பரவாயில்லை, வேறு விளையாட்டு விளையாடலாம். இந்தக் காகிதத்தில் ஒரு வாசனை தடவியிருக்கிறேன். வாசனை போகாமல் பிளாஸ்டிக் உறையில் மடித்திருக்கிறேன். என்ன வாசனை என்று கண்டுபிடித்து எழுது. அப்பா இருந்தால் உனக்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

வாலு


அக்டோபர் 26

என் வாலுக்கு,

எல்லாரும் நலம். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள், வீடு மூச்சு விடுகிறது.

இவ்வளவு நல்ல சென்ட் உனக்கு அந்தக் காட்டில் எங்கே கிடைத்தது? உறையைப் பிரித்ததும் வீடே மணத்தது. ஏதோ பூ. பேர்தான் வாயில் வரவில்லை. கண்ட சென்டுக்கெல்லாம் சம்பளத்தைக் கரைக்காதே.

நேற்று ஒரு வேடிக்கை. முட்டை அவிய வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது. நான் நூல் கோர்ப்பதிலேயே இருந்துவிட்டேன். தையல் அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து அடுப்பைத் திருகி மூடினாள். "உனக்கு என்னம்மா ஆச்சு? என் வீடு வரைக்கும் நாறுது, நீ பக்கத்துல உக்காந்திருக்க!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சளி பிடித்திருக்கிறது என்றேன். முட்டை பாதிதான் வெந்திருந்தது. மறுபடி பற்றவைத்து அவித்துக் கொடுத்தேன்.

மூக்கி


நவம்பர் 4

அக்கா,

நலம் விசாரிக்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை.

நான் காகிதத்தில் தடவியது சென்ட் இல்லை. பாச்சை உருண்டை. பெட்டியில் துணிக்கு நடுவே போடுவோமே, அது. பொடித்துத் தேய்த்தேன். அந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் எனக்கே தலை வலித்தது. நீ பூ என்று எழுதியிருக்கிறாய்.

காபித்தூளில் கலப்படம் இல்லை. சோப்பிலும் இல்லை. கடைக்காரன் மேலும் தப்பு இல்லை. காய்ச்சலிலிருந்து உனக்கு வாசனையே தெரியவில்லை. சரிதானே? எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. அந்தப் பின்கதவு அன்றைக்குத் தாழிட்டிருந்தால்? தையல் அம்மா கடைக்குப் போயிருந்தால்? அணைந்த அடுப்பை நீ "மறுபடி பற்றவைத்து" என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய்!

இன்றைக்கே அத்தானிடம் சொல். பரணிலிருந்து பழைய அடுப்பை இறக்கு. ஜன்னலில் அடித்த ஆணியைப் பிடுங்கு, முட்டை போனால் பூனைக்குப் போகட்டும். டாக்டரைப் பார். இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை, அக்கா. நீ சொல்லாவிட்டால் அத்தானுக்கு நானே எழுதுவேன்.

வாலு


நவம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

அத்தானுக்கு எழுதுவாயா? எழுது. ராத்திரி வெல்டிங் பட்டறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "யார் எழுதியிருக்கா, படி" என்று என் கையில்தான் கொடுப்பார். இந்த வீட்டில் எந்தக் கடிதத்தையும் வாய்விட்டுப் படிப்பவள் நான்தான். நீ எழுதியதையா நான் படிப்பேன்?

கோபித்துக்கொள்ளாதே. உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாப்பா தலையை மோந்தால்கூட ஒன்றுமில்லை. முதலில் சளி என்று நினைத்தேன். டாக்டர் ஒருத்தரிடம் இவருக்குத் தெரியாமல் போனேன். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

செப்டம்பரில் நடந்ததை உனக்குச் சரியாக எழுதவில்லை. பாப்பா தம்ளரை நீட்டினாள். நான் வழக்கம் போல மோந்துவிட்டு "போ" என்றேன். வேறு என்ன சொல்வது? பொரித்துத் தட்டில் வைத்தேன். "அம்மா, நாறுதும்மா" என்றாள். தினமும் ஒரு சாக்கு சொல்கிற பிள்ளை. "நான் மோந்து பாத்துட்டேன், பேசாம சாப்பிடு" என்றேன். அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்ததெல்லாம் உள்ளே போகும் வரை ஊட்டினேன். அவள் என்னை நம்பி விழுங்கினாள். தம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாய் ஞாபகம் வருகிறது.

இது தெரிந்தால் இவர் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் அக்காவுக்கு ஆள் விட்டுச் சொல்லிவிடுவார். மறுநாளே அவள் வந்து பாப்பாவின் துணியை எடுத்து வைப்பாள். பிள்ளைக்கு நல்லது என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கும் மறுத்துப் பேச வாய் இருக்காது. பாப்பா இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன், சொல்.

நான் கவனமாக இருக்கிறேன். அடுப்பை விட்டு நகர்வதில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நம் அப்பா மேல் சத்தியம் செய்து எழுது. இல்லையென்றால் உனக்கு அக்கா இல்லை.

மூக்கி


நவம்பர் 28

மதிப்புக்குரிய தையல் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கண் வலி எப்படி இருக்கிறது? நான் உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் தங்கை. போன முறை வந்தபோது என் ஜாக்கெட்டின் கையைப் பிரித்து ஒரே மதியத்தில் மறுபடி தைத்துக் கொடுத்தீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் ஓடி வந்து அடுப்பை மூடியதை அக்கா எழுதியிருந்தாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்குக் கொஞ்சம் மறதி. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வேறு வேலையில் இருந்துவிடுகிறாள். கேட்டால் வருத்தப்படுவாள். அதனால் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம், நான் எழுதியதையும் சொல்ல வேண்டாம். அத்தானிடமும் வேண்டாம்.

எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். சாயங்கால வேளையில் ஒரு காது அந்தப் பக்கம் இருக்கட்டும். கேஸ் நாற்றம் வந்தால் தயங்காதீர்கள். கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம், இருட்டிவிட்டது என்றும் பார்க்க வேண்டாம். பின்கதவு வழியாக நேராக உள்ளே போய் அடுப்பை மூடிவிடுங்கள். பாப்பா அந்த வீட்டில் இருக்கிறாள்.

அங்கே வேறு யாரையும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாதை திறந்ததும் வந்து உங்களைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை


டிசம்பர் 30

என் வாலுக்கு,

உன் சத்தியம் வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். இங்கே குளிர் கடுமை. மற்றபடி குறையில்லை. நீ கம்பளி போர்த்திக்கொள்.

நீ கேட்டபடி ஜன்னல் ஆணியைப் பிடுங்கினேன். இரண்டே நாளில் பூனை வந்து கூடையையே கவிழ்த்தது. இவர், "யாரு இதைப் பிடுங்கினது?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி அடித்துவிட்டார். பழைய அடுப்பை எதற்கு இறக்குகிறாய் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால் அது பரணிலேயே இருக்கிறது.

ஆனால் நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். விளையாட்டை மாற்றிவிட்டோம். இப்போது தம்ளரை நான் பிடிக்கிறேன், பாப்பா மோந்து பார்த்து "போ" என்கிறாள். அவளுக்கு என்ன பெருமை தெரியுமா! இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடுப்பை மூடியதும், "அடுக்களை என்ன வாசனைடி?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, போ" என்பாள். அவளுக்கு இது ஆட்டம். எனக்கு அவள்தான் மூக்கு. அவளை அனுப்பிவிட்டால் எனக்கு அதுவும் இல்லை, பார்த்தாயா?

தையல் அம்மாதான் தொல்லையாகிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரமானால் பின்கதவில் தலை தெரிகிறது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா எட்டிப் பாத்தேன்" என்கிறாள். எட்டிப் பார்த்தால் பரவாயில்லை, நின்று மோப்பம் பிடிக்கிறாள்! என் சமையலில் என்ன தேடுகிறாள் என்று தெரியவில்லை. இவளுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. முந்தாநாள் கொஞ்சம் முகத்தைக் காட்டிவிட்டேன். "எங்க வீட்டுல ஒண்ணும் ஒளிச்சு வைக்கல" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். ஆனால் மறுநாளும் வந்தாள்.

இந்த வாரம் பாப்பாவுக்கு நல்ல சளி. மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறாள். நெஞ்சில் தைலம் தேய்த்துக் கதவைச் சாத்திப் படுக்க வைத்திருக்கிறேன். முட்டை வேண்டும், தேன் மாதிரி இருக்கிற முட்டை வேண்டும் என்று ஒரே அடம். சாயங்காலம் அவித்துக் கொடுக்க வேண்டும்.

பாதை எப்போது திறக்கும்? சீக்கிரம் வா.

மூக்கி


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

பாப்பா நலம். இவரும் நலம். எனக்கும் உடம்பில் ஒரு கீறல் இல்லை. உன் தந்தியும் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்காருவேன், வராது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் உனக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டு அன்று சாயங்காலம் முட்டையை அடுப்பில் வைத்தேன். முன்னறையில் பாப்பா இருமினாள். ஒரு நிமிஷம் தைலம் தேய்த்துவிட்டு வரலாம் என்று போனேன். குளிர் உள்ளே வராமல் இருக்க நடுக்கதவைச் சாத்தினேன். அவள் கதை கேட்டாள், சொன்னேன். அதற்குள் தண்ணீர் பொங்கித் தீயை அணைத்திருக்கிறது. அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. எனக்கு இல்லவே இல்லை.

பின்பக்கம் தையல் அம்மா கத்துவது கேட்டது. "பாப்பாம்மா! அடுப்பு!" என்றாள். வந்துவிட்டாளா இன்றைக்கும் என்றுதான் எனக்கு எரிச்சல் வந்தது. உடனே எழுந்திருக்கவில்லை. பின்கதவு திறக்கிற சத்தம். அடுக்களை இருட்டாக இருந்திருக்கும். ஸ்விட்ச் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் விளக்கைப் போட்டாள்.

வெடித்த வேகத்தில் நடுக்கதவு பெயர்ந்து எங்கள் கட்டில் மேல் சாய்ந்தது. சுவர் நின்றுவிட்டது. அந்தச் சுவர்தான் எங்களைக் காப்பாற்றியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அடுக்களையில் ஒன்றுமில்லை, ஜன்னல் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு இருந்தது. "உன் தங்கச்சி எழுதியிருந்தா. உனக்கு மறதின்னு சொன்னா. நீ சங்கடப்படுவேன்னுதான் நான் உங்கிட்ட சொல்லல" என்றாள். பிறகு, "இருட்டா இருந்துச்சும்மா. நீ எங்க விழுந்து கிடக்கியோன்னு லைட்டைப் போட்டேன்" என்றாள். என் மேல் கோபமே இல்லை அவளுக்கு. பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

உன்னைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்கு மூக்கு இல்லை என்று அவளுக்கு நீ எழுதியிருந்தால், அவள் பட்டப்பகலில் இவரிடம் வந்து சண்டை போட்டிருப்பாள். அடுப்பு மாறியிருக்கும். எழுதவிடாமல் உன் வாயைக் கட்டியது நான். விளக்கைப் போடாதே என்று ஒரு வரி சேர்க்க உனக்கும் தோன்றவில்லை. இது இரண்டையும் நாம் இரண்டு பேரும் சாகும் வரை வைத்திருக்க வேண்டும், வேறு வழி தெரியவில்லை எனக்கு.

இவரிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். செப்டம்பரில் ஊட்டியதையும் சொன்னேன். அவர் அன்றைக்கே அக்காவுக்கு ஆள் விட்டார். நாத்தனார் வந்தாள். பாப்பாவின் துணிகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். போகும்போது பாப்பா, இடிபாட்டில் கிடைத்த அந்தத் தம்ளரையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே யார் முட்டை உடைத்தாலும் தான்தான் மோந்து சொல்வேன் என்று சொல்லியிருக்கிறாளாம்.

தையல் அம்மாவுக்கு யாரும் இல்லை. தீப்புண்ணோடு அவள் படுத்திருந்த அறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நர்ஸ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கட்டு மாற்றினாள். அவளுக்கு அது தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. அதனால் அவள் தலைமாட்டில், முகத்துக்குப் பக்கத்தில், மூச்சு அடங்குகிற வரை நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா